ஏழு நாள் தண்ணீர் படக்கூடாது

விருத்தாசலம்
6.10.2024

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி பழமலைநாதன் எழுதுவது. இங்கே நானும் வளர்மதியும், பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் இளமதியும் சௌக்கியம். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? மாமாவின் மூட்டு ஆபரேஷன் தையல் பிரித்தாயிற்றா? போனில் உனக்குக் காது கேட்பதில்லை. நான் கத்துவதைப் பார்த்துக் கடைக்கு வந்தவர்கள் ஏதோ சண்டை என்று நினைக்கிறார்கள். அதனால் நமக்குப் பழையபடி கடிதம்தான்.

முதலில் நல்ல சேதி. இளமதிக்கு நவம்பர் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நம் வீட்டிலேயே வளைகாப்பு. முதல் வளையல் நீதான் போட வேண்டும். பிள்ளை பெறாதவள் போடலாமா என்று சம்பந்தி வீட்டில் யாரோ இழுத்தார்களாம். "எங்க அக்கா போடலன்னா வளைகாப்பே இல்லீங்க" என்று சொல்லிவிட்டேன். 

அடுத்தது, கார் வந்துவிட்டது. நம் குடும்பத்தில் முதல் கார். கறுப்பு. ஜாடியும் பீங்கான் பொம்மையும் விற்கிறவன் கார் வாங்கிவிட்டான் என்று கடைவீதியில் பேச்சு. பக்கத்தில் போனால் என் முகம் தெரிகிறது, அவ்வளவு பளபளப்பு. அதைக் காப்பாற்றத்தான் இப்போது யோசனை. பானெட்டிலும் முன் பம்பரிலும் கண்ணுக்குத் தெரியாத பிலிம் ஒன்று ஒட்டுகிறார்கள். கல் தெறித்தால் பெயிண்டுக்குப் போகாமல் அது தாங்கிக்கொள்ளுமாம். பிறகு வண்டி முழுக்க செராமிக் கோட்டிங் என்று ஒரு பூச்சு. தண்ணீர் நிற்காமல் உருண்டு ஓடிவிடுமாம். வளர்மதி வெட்டிச் செலவு என்கிறாள். மாமா ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியவர், பிரயோசனமா இல்லையா என்று அவரைக் கேட்டு எழுது.

உன் தம்பி,
நாதன்

ஆத்தூர்
14.10.2024

அருமைத் தம்பி நாதனுக்கு அக்கா ஆதிலட்சுமி. உன் கடிதம் கிடைத்தது. எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும். வளையல் சேதியைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். எத்தனை வளைகாப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து சாதம் மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

நம் ஊரில் மண்ணைக் குழைத்து, மெருகு பூசி, சூளையில் வேகவைத்தால்தானே செராமிக்? உன் ஆள் பாட்டிலில் கொண்டுவந்து துணியால் துடைத்துவிட்டு அதே பெயரைச் சொல்கிறானா? நல்ல பிழைப்பு. மாமா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வேப்பூர் ரோட்டுல லாரிக்குப் பின்னாடியே தெனம் போறவனுக்கு பிலிம் சரி. ஒன் தம்பி வூட்டுலேர்ந்து கடைக்குப் போறவன். கோட்டிங்கு மினுமினுப்புக்குத்தான், கல்லடிய நிறுத்தாது. ஆசையா இருந்தா போட்டுக்கட்டும். மழைக்காலம் போவட்டும்."

மாமாவின் கால் இன்னும் மடங்கவில்லை. கட்டை மாதிரி நீட்டியபடிதான் இருக்கிறது. ஆட்டோ, பஸ் எதிலும் ஏற்றக்கூடாது, காலை நீட்டி உட்கார்த்திக் கூட்டிப்போங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஒன்பதாம் தேதி ரயிலில் வருகிறோம். ஜங்ஷனுக்குக் காரைக் கொண்டுவந்துவிடு. முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளினால் கால் நீட்ட இடம் இருக்கும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார். ஊர்ப்பட்ட ஜனத்தை ஏற்றி இறக்கினவர், சொந்தக்காரன் காரில் முன்னால் உட்கார்ந்ததில்லை. சின்னப் பிள்ளை கெட்டது போ.

அக்கா

விருத்தாசலம்
25.10.2024

அக்காவுக்கு வணக்கம். தீபாவளி நெருங்கிவிட்டது. மாமாவைப் பட்டாசுப் பக்கம் விடாதே.

கார் ஜங்ஷனில் நிற்கும். இதைக் கேட்க வேண்டுமா? பிளாட்பாரத்துக்கே நான் வந்து மாமாவைத் தாங்கிக்கொள்கிறேன்.

பிலிமும் கோட்டிங்கும் ரெண்டுமே போடுவதாக முடிவு செய்துவிட்டேன். மாமா கோபித்துக்கொள்ள வேண்டாம். சம்பந்தி வீட்டார் வரும்போது வண்டி வாசலில் கண்ணாடி மாதிரி நிற்க வேண்டாமா? அவர்கள் வீட்டில் ரெண்டு கார் இருக்கிறது. பூச்சுப் போடும் ஆளுக்கு நவம்பர் ஆறாம் தேதிதான் ஒழிகிறதாம். ஒரே ஒரு நிபந்தனை சொன்னான். பூசிய பிறகு ஏழு நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. பட்டால் திட்டுத்திட்டாகக் கறை பிடித்துவிடுமாம், போட்டதெல்லாம் பாழ். வானம் வெளுத்துத்தான் கிடக்கிறது. மழை வராது.

நேரில் பார்ப்போம்.

நாதன்

விருத்தாசலம்
19.11.2024

அன்புள்ள அக்காவுக்கு. மாமாவுக்கு வலி எப்படி இருக்கிறது? சேலத்தில் டாக்டர் என்ன சொன்னார்? நல்ல சேதி எழுது.

அன்றைக்கு நடந்ததை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மழையில் நீங்கள் ரயிலைவிட்டு இறங்கி "வண்டி எங்கடா?" என்று கேட்டீர்கள். அன்று காலையில்தான், அக்கா, கியர் பெட்டி மக்கர் செய்தது. கம்பெனி ஆட்கள் வந்து கடலூருக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வேறு வழியில்லாமல்தான் நம் கடைக்குச் சரக்கு ஏற்றும் விருத்தகிரியின் ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். மாமா மடங்காத காலை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்ததும், பாலக்கரையில் தண்ணீர் தேங்கின பள்ளத்தில் ஆட்டோ இறங்கி ஒருபக்கமாகச் சாய்ந்ததும், அந்தக் கால் கம்பத்தில் மோதியதும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

வளைகாப்பு முடியும்வரை ஒரு வார்த்தை சொல்லாமல் உள்ளறையில் படுத்திருந்தாரே அக்கா. சொன்னால் நீ வளையல் போடாமல் கிளம்பிவிடுவாய் என்றுதானே? சாயங்காலம் கால் வீங்கிக் கறுத்த பிறகுதான் நமக்குத் தெரிந்தது. வாடகைக் கார் பிடித்து அனுப்பும்படி ஆகிவிட்டது. சம்பந்தி வீட்டாரும் காரைப் பார்க்கவில்லை. கடலூரில் இருக்கிறது என்று அவர்களிடமும் சொன்னேன்.

மாமாவைக் கவனித்துக்கொள்.

நாதன்

ஆத்தூர்
3.12.2024

அன்புத் தம்பிக்கு ஆசிகள். இளமதி உடம்பை வளர்மதி பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

மாமாவுக்கு மறுபடி ஆபரேஷன் ஆயிற்று. ஆபரேஷன் செய்த இடத்துக்கு மேலேயே எலும்பு விட்டுப்போயிருந்தது. ஒருநாள் முழுக்கத் தள்ளிப் போட்டதில் உள்ளே ரத்தம் கட்டி இன்னும் மோசமாகிவிட்டது. தகடு வைத்திருக்கிறார்கள். இனிமேல் வாக்கர் இல்லாமல் நடை கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். 

நீ மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. வண்டி கெட்டுப்போனால் நீ என்ன செய்வாய்? நான்கூட ஒருதரம் மாமாவைக் கேட்டேன், புது வண்டியில் கியர் பெட்டி எப்படிக் கெடும் என்று. "புது வண்டியிலதான் அதெல்லாம் வரும், ஒனக்கு என்னா தெரியும்" என்று அதட்டிவிட்டார். கார் வந்துவிட்டதா?

என் கோபமெல்லாம் அந்த ஆட்டோக்காரன் மேல்தான். கால் வெளியே நீட்டியிருக்கிறது என்று தெரிந்தும் பள்ளத்தில் விட்டான் பார். எனக்காக ஒன்று செய். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய் அவன் பெயரில் பிராது கட்டு. போலீசுக்கு மனுக் கொடுப்பதுபோல் சாமிக்கு எழுதி முனியப்பர் எதிரில் கட்டிவிடு. மனிதர் கேட்கிற நியாயமா இது? சாமி கேட்கட்டும்.

அக்கா

விருத்தாசலம்
27.12.2024

அக்காவுக்கு. எல்லாரும் நலம். மாமா நலமறிய ஆவல்.

கார் வந்துவிட்டது. கடையில் பொங்கல் சரக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. மார்கழிக் கூட்டம் வேறு. கோயிலுக்குப் போக முடியவில்லை. ஆட்டோக்காரர் ஏழை மனுஷர் அக்கா, பிராது வேண்டுமா என்று யோசித்துக்கொள்.

நாதன்

ஆத்தூர்
8.1.2025

தம்பிக்கு. பேரன் பிறந்த சேதி கேட்டு வயிறு குளிர்ந்தது. தாயும் பிள்ளையும் நீடூழி வாழட்டும். நான் வளையல் போட்ட கை, ஒரு குறையும் வரவில்லை பார்த்தாயா என்று இந்தத் தெருவெல்லாம் சொல்லிவிட்டேன்.

பிராது விஷயத்தில் மாமாவும் உன்னைப் போலவே வேண்டாம் வேண்டாம் என்கிறார். "அவன் மேல என்னாடி தப்பு, ரோடு தண்ணியா கெடந்துது" என்று எரிந்து விழுகிறார். ஆனால் நேற்று குளியலறையில் வாக்கர் வழுக்கி, எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டிருக்கிறார், எனக்குக் காதில் விழவில்லை. நானாகப் போய்ப் பார்க்கும்வரை அந்த ஈரத்தில் கிடந்தார். அவருக்கு வேண்டாம் என்றால் எனக்கு வேண்டும். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள் நாதா, சொல்லு. நீ கட்டிவிட்டு எழுது.

அக்கா

விருத்தாசலம்
24.1.2025

அக்காவுக்கு. நலம். நீ கேட்டபடி கட்டிவிட்டேன்.

நாதன்

விருத்தாசலம்
16.2.2025

அக்கா,

வழக்கமாக எழுதுகிற நலம் விசாரிப்பை இந்தக் கடிதத்தில் எழுத எனக்கு யோக்கியதை இல்லை. முழுக்கப் படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லு.

கியர் பெட்டி கெடவில்லை. கார் கடலூருக்குப் போகவில்லை. கோட்டிங் போட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அன்று விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. சாவியைக் கையில் எடுத்து வாசல் வரைக்கும் வந்தேன். கறை பிடித்துவிடும், போட்டதெல்லாம் பாழ் என்று அந்த ஆள் சொன்னது காதில் கேட்டது. சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் மாமாவின் கால் என் ஞாபகத்தில் இல்லை. பானெட்தான் இருந்தது. தூறல் விட்ட ஐந்து நிமிஷத்தில் காரைக் கடைக்குப் பின்னால் இருக்கிற குடோனில் கொண்டுபோய் விட்டுப் போர்வையால் மூடினேன். நீங்கள் வீட்டுக்கு வந்தால் பார்த்துவிடுவீர்களே. சம்பந்திக்குக் காட்டத்தான் பூசினேன், கடைசியில் அவர்களுக்கும் காட்ட முடியவில்லை. மறுநாள் சாயங்காலம் மாமாவைச் சேலத்துக்கு அனுப்பும்போதும் கார் குடோனில்தான் நின்றது. வாடகைக் காருக்குப் போன் போட்டவன் நான்தான். அப்போதாவது எடுத்துவந்திருக்கலாம். எடுத்தால் பொய் வெளிவந்துவிடும்.

கோயிலில் மனு எழுதுகிறவர் "எதிராளி பேரு என்னாங்க?" என்று கேட்டார். என் பெயரைச் சொல்லத்தான் நினைத்தேன். பின்னால் கடைவீதி ஆட்கள் ரெண்டு பேர் நின்றிருந்தார்கள். விருத்தகிரி என்று சொல்லிவிட்டேன்.

முந்தாநாள் அவர் கடைக்கு வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து நின்றார். "எம்மேல பிராது கட்டியிருக்கீங்களாமே சார்" என்றார். நான் கல்லாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். "பள்ளத்துல வுட்டது நாந்தான், இல்லேங்கல. பிராதுன்னு கேட்டதுலேர்ந்து எங்க வூட்டுல ஆட்டோவ எடுக்க வுட மாட்டேங்குறா, புள்ளைங்களுக்கு எதனா ஆயிடும்னு அழுவுறா. ஆனா அன்னிக்கு காலைல ஒங்க குடோன்ல ஜாடி ஏத்துனது நான் சார். காரு போர்வ போட்டு நின்னுது. யாருகிட்டயும் நான் சொல்லலீங்க. சொல்லவும் மாட்டேன். நீங்க சாமிகிட்டயாவது சொல்லிடுங்க."

அவ்வளவுதான் சொன்னார். ஒரு டீ குடித்துவிட்டுப் போங்கள் என்றேன். வேண்டாம் என்று போய்விட்டார்.

இன்னொன்றும் கேள். பூச்சுப் போட்ட ஆளைப் போனவாரம் பார்த்தேன். சும்மா கேட்பதுபோல் கேட்டேன், மழையில் எடுத்திருந்தால் என்னப்பா ஆகியிருக்கும் என்று. "ஒண்ணும் ஆயிருக்காது சார். வந்ததும் துணியால ஒத்தி எடுத்திருந்தா போதும். ஏழு நாளுன்னு சொல்றது, யாராவது சோப்பு போட்டுக் கழுவிடுவாங்கன்னுதான்" என்று சிரித்தான்.

அந்தப் பூச்சு பிரயோசனமா என்று உன்னைக் கேட்டேனே. பிரயோசனம்தான். இன்றைக்கும் புதுசாக நிற்கிறது. எனக்கு அதன் பக்கத்தில் போகவே வெட்கமாக இருக்கிறது. மாமாவிடம் நீயே சொல்லிவிடு. அவர் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியம் இல்லை.

உன் தம்பி என்று போட்டுக்கொள்ளலாமா தெரியவில்லை.

நாதன்

ஆத்தூர்
1.3.2025

மச்சான் நாதனுக்கு சுப்புராயன் எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் விட்டுவிடவும்.

தபாலை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற நான்தான் வாங்குவேன். படித்துவிட்டுத்தான் உன் அக்காவிடம் கொடுப்பது. இதை அவளிடம் கொடுக்கவில்லை. வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன்.

புதிதாக எழுதி எனக்கு நீ ஒன்றும் சொல்லவில்லை. எத்தனையோ வருஷம் கியர் போட்டவனிடம் கியர் பெட்டி என்று சொன்னாய். ஏழு நாள் கணக்கை நீயே முன்னால் எழுதியும் இருந்தாய். ஜங்ஷனில் உன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆட்டோவில் ஏற மாட்டேன் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் உன்னை என்னவென்று கேட்பாள். மறுநாள் அவள் வளையல் போட வேண்டும். அதனால் ஏறினேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். அது பொய்யாகிவிடும். கால் வலிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. அது உனக்கும் எனக்கும் உள்ளது. அவளுக்கு இது தெரியவே கூடாது. சொல்லிவிட்டால் உனக்கு லேசாகிவிடும், சுமக்கப்போகிறது அவள். எனக்கு இன்னொரு கால் இருக்கிறது. அவளுக்கு இன்னொரு தம்பி இல்லை.

அந்த ஆட்டோக்காரர் மேல் கட்டிய பிராதை உடனே ராஜினாமா செய்து வாபஸ் வாங்கு. அவர் வீட்டுக்குப் போய் நேரில் சொல். வழக்கம்போல் அக்காவுக்குக் கடிதம் எழுது.

சுப்புராயன்

ஆத்தூர்
14.3.2025

என் தம்பி நாதனுக்கு. உங்கள் எல்லாருடைய நலத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். என்னடா, ஒரு மாசத்துக்கு மேல் உன் கையெழுத்தைக் காணோம்? பேரப்பிள்ளையைக் கொஞ்சுவதில் அக்காவை மறந்துவிட்டாயா?

மாமா இப்போது வாக்கரோடு தெருமுனைக் கடை வரைக்கும் போய்வருகிறார். நீ கட்டிய பிராதுதான், வேறென்ன. கொளஞ்சியப்பர் கேட்டுவிட்டார். ஆட்டோக்காரன் மேல் எனக்கு இருந்த கோபமும் ஆறிவிட்டது. மாமா சொல்கிறபடி அதை எடுத்துவிடு.

எதிர்வீட்டு அம்புஜவல்லிக்குத் தம்பியோடு நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. நேற்று இங்கே வந்து ஒரு மூச்சு அழுதாள். உன்னைப் பற்றித்தான் சொன்னேன். ஊரே எதிர்த்தும் அக்கா கையால்தான் முதல் வளையல் என்று நின்றவன், அக்கா கேட்டாள் என்று கோயிலுக்கு ஓடினவன், அப்படி ஒரு தம்பி வாய்க்க வேண்டுமே என்றேன். அவள் பெருமூச்சு விட்டாள். எனக்குக் கர்வமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

உடனே பதில் போடு.

அக்கா

விருத்தாசலம்
30.3.2025

அன்புள்ள அக்காவுக்கு. நாங்கள் எல்லாரும் நலம். மாமா தெருமுனை வரை நடக்கிறார் என்று படித்தேன். நல்லது. வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்வரச் சொல்லு.

பிராதை ராஜினாமா செய்துவிட்டேன். விருத்தகிரி வீட்டுக்கும் போனேன். அவர் வீட்டம்மா உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றே சொல்லிவிட்டு வந்தேன். அவர் மறுநாள் ஆட்டோ எடுத்தார். எதிரில் வந்தால் இப்போதும் எனக்குக் கும்பிடு போடுகிறார். அவர் போடாமல் இருந்தால் நன்றாக இருக்கும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அம்புஜவல்லியிடம் என்னைப் பற்றிச் சொல்லாதே. வேறு யாரிடமும் சொல்லாதே. காரணம் கேட்காதே அக்கா. அந்த அம்மாவின் தம்பி என்ன தப்பு செய்தார் என்று நீ எழுதவில்லை. என்னவாக இருந்தாலும் அந்த அம்மாவே முதலில் பேசட்டும். தம்பிக்கு வாய் வராது.

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஆத்தூர் வந்திருந்தேன். உங்கள் தெருவுக்குள் நுழைந்து பார்த்தபோது, நீ வாசலில் மாமாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாய். மாமா என்னைப் பார்த்தார், நீ பார்க்கவில்லை. அப்படியே திரும்பி அடுத்த ரயிலில் வந்துவிட்டேன். கடையில் அவசர வேலை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

உன் தம்பி,
நாதன்